பி.என்.எஃப். பேட்டர்ன் படியவில்லையா? அறிகுறியைப் பிடித்துக் காரணத்தைத் தேடுவோம்

பி.என்.எஃப். (ப்ரோப்ரியோசெப்டிவ் நியூரோமஸ்குலர் ஃபெசிலிடேஷன்) என்பது கையாலும் குரலாலும் தூண்டி, சுழற்சியோடு சாய்கோட்டில் இயக்கவைக்கும் பிசியோதெரபி முறை; அந்த இயக்க வடிவம்தான் பேட்டர்ன். வகுப்பில் நண்பரின் கையில் வழுக்கிக்கொண்டு போன பேட்டர்ன், வார்டில் நோயாளியின் கையில் வர மறுக்கும். பாதியில் நிற்கும், சுழலாமல் நேராகப் போகும், தோள் காதுவரை ஏறும், மூடிய விரல்கள் இன்னும் இறுகும். உடனே "இவருக்கு பி.என்.எஃப். ஒத்துவரவில்லை" என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு வேறு பயிற்சிக்குப் போய்விடுகிறோம். அது அவசரத் தீர்ப்பு. நோயாளியின் தசையைக் குறை சொல்வதற்கு முன் நம் கை எங்கே இருக்கிறது, நாம் எங்கே நிற்கிறோம், என்ன சொன்னோம் என்ற மூன்றையும் பார்க்க வேண்டும். பெரும்பாலான கோளாறுகள் அங்கேயே பிடிபட்டுவிடும்.

கீழே உள்ளவை பிசியோதெரபி மாணவர்களுக்கும் இப்போதுதான் பணியில் சேர்ந்தவர்களுக்கும் எழுதியவை. வீட்டில் ஒருவரைப் பார்த்துக்கொள்பவர்களும் படிக்கலாம். ஆனால் அவரை நேரில் சோதித்த தெரபிஸ்ட் காட்டித் தராமல் இவற்றைச் செய்து பார்க்க வேண்டாம்.

சில நிலைகளில் பிழை தேடுவதற்கே இடமில்லை. சேராத எலும்பு முறிவு, நிலையில்லாத மூட்டு, புதிதாகத் தைத்த தசைநாண், சூடும் வீக்கமுமாக இருக்கும் மூட்டு இருந்தால் எதிர்ப்பு கொடுப்பதும் உதறி இழுப்பதும் கூடாது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், நெஞ்சு வலி இருந்தால், ரத்த அழுத்தம் கட்டுக்குள் வராமல் இருந்தால் கையை எடுத்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

முதலில் ஒரு பேட்டர்னை நிதானமாகப் பார்ப்போம்

எல்லா அறிகுறிகளுக்கும் இதுதான் அளவுகோல் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இடது கை இரண்டாவது சாய்கோட்டில் மேலே எழும் பேட்டர்னான டி2 ஃப்ளெக்‌ஷனை எடுத்துக்கொள்வோம். நோயாளி மல்லாந்து படுத்திருக்கிறார். தொடக்கத்தில் அவருடைய இடது கை உடலைக் குறுக்கே கடந்து வலது இடுப்பெலும்பின் அருகே இருக்கும். விரல்கள் மூடியிருக்கும், மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கமாக மடங்கியிருக்கும், முன்கை கவிழ்ந்து, தோள் உள்பக்கமாகச் சுழன்றிருக்கும். முடிவில் எல்லாமே தலைகீழாக வேண்டும்: விரல்கள் விரிந்து, மணிக்கட்டு கட்டைவிரல் பக்கமாக நிமிர்ந்து, முன்கை மல்லாந்து, தோள் வெளிப்பக்கமாகச் சுழன்று, கை தலைக்கு மேலே வெளிப்புறமாகப் போய் நிற்கும். முழங்கை முழு நேரமும் நேராக இருக்கிறது.

உங்கள் வலது கை அவருடைய புறங்கையில், லம்ப்ரிகல் பிடியில். லம்ப்ரிகல் பிடி என்றால் விரல்களின் அடிமுட்டி மடங்கி, விரல்கள் நீண்டு, இரண்டு ஓரங்களிலும் அழுத்தம் விழும் பிடி. உங்கள் விரல் நுனி அவருடைய உள்ளங்கைக்குள் போகக் கூடாது. போனால் வாயால் "விரிங்க" என்று சொல்லிக்கொண்டே கையால் "மூடுங்க" என்று சொல்கிறீர்கள். உங்கள் இடது கை அவருடைய முன்கையில், மணிக்கட்டுக்குச் சற்று மேலே. நிற்பது அவருடைய இடது தோளின் அருகில், இடது காலை முன்னே வைத்து, முகம் அவர் கையைப் பார்த்தபடி. கை எழ எழ உங்கள் எடை முன்காலிலிருந்து பின்காலுக்கு மாற வேண்டும். உங்கள் இடுப்பு, தோள், முன்கை எல்லாம் அந்தச் சாய்கோட்டிலேயே இருந்தால் எதிர்ப்பு தானாகச் சரியான திசையில் விழும். கட்டிலுக்குப் பக்கவாட்டில் இரண்டு காலையும் சேர்த்து நின்றால் எவ்வளவு முயன்றாலும் விழாது.

வரிசையும் முக்கியம். முதலில் விரலும் மணிக்கட்டும் அசையும், கூடவே சுழற்சி தொடங்கும், அதற்குப் பிறகுதான் தோள் பெரிதாக நகரும். நுனியிலிருந்து அடிக்கு. நோயாளியின் கண் கையைத் தொடர வேண்டும். கண் போனால் தலை போகும், தலை போனால் உடலும் சேர்ந்து உதவும்.

கட்டளை மூன்று கட்டம். தயார்படுத்த ஒன்று: "கையை மேலே கொண்டு போகப் போறோம், கையையே பாருங்க." செய்ய ஒன்று: "விரலை விரிங்க, தூக்குங்க!" திருத்த ஒன்று: "முழங்கை நேரா இருக்கட்டும், இன்னும் வெளியே." நீட்டி இழுக்கும் கணமும் "தூக்குங்க" என்ற சொல்லும் ஒன்றாக விழ வேண்டும். அரை நொடி பிந்தினாலும் ரிஃப்ளெக்ஸ் வந்துபோன பிறகு கட்டளை தனியாக நிற்கும்.

சரி, இனி அறிகுறிகள்.

இயக்கம் தொடங்கவே இல்லை

கட்டளை கொடுத்தாகிவிட்டது, கை அப்படியே கிடக்கிறது. இதற்குக் குறைந்தது மூன்று காரணங்கள் உண்டு. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. மூன்றுக்கும் உதவும் நான்காவது வழியும் ஒன்று இருக்கிறது.

புரியவில்லையா என்று முதலில் பாருங்கள். மூளையின் இடப் பக்கம் பாதித்தவர்களில் பலருக்கு அஃபேசியா (பேச்சைப் புரிந்துகொள்வதிலும் பேசுவதிலும் சிரமம்) இருக்கும். நல்ல கையால் அதே பேட்டர்னை ஒருமுறை செய்யச் சொல்லுங்கள். அங்கேயும் வரவில்லையென்றால் பிரச்சினை பலவீனத்தில் இல்லை, செய்தி போய்ச் சேரவில்லை. பேச்சைக் குறையுங்கள். ரிதமிக் இனிஷியேஷன் இங்கேதான் கைகொடுக்கும்: முதலில் நீங்களே கையை நிதானமான தாளத்தில் முழு வீச்சிலும் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவாருங்கள், "நான் செய்யறேன், நீங்க சும்மா இருங்க." தாளம் படிந்ததும் "இப்போ கொஞ்சம் கூட வாங்க." அப்புறம் லேசான எதிர்ப்பு. கடைசியில் கையை எடுத்துவிட்டு அவரையே செய்யவிடுங்கள். மூன்றாவது கட்டத்துக்கு ஓடிப்போக அவசரப்படாதீர்கள். முதல் கட்டத்தில் உங்கள் கைக்குக் கிடைக்கும் தகவல் அதிகம். கை கனமாகத் தொங்குகிறதா, எங்கேயாவது பிடிக்கிறதா, எந்த இடத்தில் அவர் தன்னை அறியாமல் உதவுகிறார் என்பதெல்லாம் அங்கே தெரியும். பார்க்கின்சன்ஸ் நோயில் தொடங்கத் திணறுபவர்களுக்கும் இதே வழிதான் நன்றாக வரும்.

புரிகிறது, ஆனால் எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை என்றால் கடைசியிலிருந்து தொடங்குங்கள். கையை முடிவு நிலையிலேயே வைத்து "இங்கேயே நிறுத்துங்க" என்று சொல்லி எதிர்ப்பு கொடுங்கள். தசை பிடித்ததும் கொஞ்சம் தளரவிட்டு, சில சென்டிமீட்டர் பின்னே கொண்டுவந்து, "திரும்ப அங்கேயே போங்க." ஒவ்வொரு தடவையும் தொடக்கப் புள்ளியைத் தள்ளிக்கொண்டே போங்கள். இதன் பெயர் ரெப்ளிகேஷன். போய்ச் சேர வேண்டிய இடம் தெரிந்த பிறகு வழி கிடைத்துவிடுகிறது.

மூன்றாவது, தசைக்கு வலு போதவில்லை. அப்போது தொடக்க நிலை முழுமையாக நீண்டிருக்கிறதா என்று பாருங்கள். பல நேரம் கையை இடுப்புவரை கொண்டுபோகாமல் வயிற்றின் மேலேயே வைத்துக்கொண்டு இழுக்கிறோம். சுழற்சியையும் சேர்த்து எல்லாத் தசையும் இறுகும் எல்லைவரை நீட்டி, அங்கிருந்து ஒரு குறுகிய, விரைவான உதறல், அதே கணத்தில் கட்டளை. தோள் நிலையில்லாதவருக்கும் வலி உள்ளவருக்கும் இது வேண்டாம்.

நான்காவது வழியை அதிகம் மறந்துவிடுகிறோம்: வலுவான இடத்தில் தொடங்குவது. இந்த முறை பிறந்ததே அந்த எண்ணத்தில்தான். ஹெர்மன் கபாட் என்ற மருத்துவரும் நரம்பியங்கியல் ஆய்வாளருமானவர் 1940களில் அமெரிக்காவில் இதை உருவாக்கினார். பிசியோதெரபிஸ்டுகளான மார்கரெட் நாட்டும் பின்னர் டோரத்தி வாஸும் பேட்டர்ன்களையும் டெக்னிக்குகளையும் கட்டிலிலும் மேட்டிலும் செய்து செய்து செப்பனிட்டார்கள். இளம்பிள்ளைவாதத்தால் தளர்ந்த தசைகள்தான் அன்று அவர்கள் முன் இருந்த பெரிய பிரச்சினைகளில் ஒன்று. சார்ல்ஸ் ஷெரிங்டன் முன்பே காட்டியிருந்த இர்ரேடியேஷனை, அதாவது வலுவான தசையில் எழும் தூண்டல் பரவிப் பக்கத்துத் தசைகளையும் எழுப்புவதை, கபாட் சிகிச்சைக்குக் கொண்டுவந்தார். ஆகவே இடது கை எழவில்லையென்றால் வலது கைக்கு நல்ல எதிர்ப்பு கொடுங்கள், அல்லது உடம்பை முழுதாகச் சேர்க்கும் லிஃப்டிங் பேட்டர்னில் இரண்டு கையையும் கோத்துச் செய்யுங்கள். அப்போது பலவீனமான பக்கத்தில் உங்கள் இன்னொரு கையை வைத்துத் தசை துடிக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத சுருக்கம் விரலுக்குத் தெரியும்.

தொடங்குகிறது, பாதியில் செத்துவிடுகிறது

பத்துப் பேர் செய்தால் அதிகம் பார்ப்பது இந்தப் பிழையைத்தான். முதல் சந்தேகம் எதிர்ப்பின் அளவு. தொடக்கத்தில் தசை நீண்ட நிலையில் இருக்கிறது, நடுவில் நெம்புகோல் மாறுகிறது, ஈர்ப்பு விசை வேறு திசையில் இழுக்கிறது. ஆனால் நம் கை தொடக்கத்தில் கொடுத்த அதே அளவைக் கடைசிவரை பிடித்துக்கொண்டிருக்கிறது. எதிர்ப்பு என்பது ஒவ்வொரு கோணத்திலும் மாற வேண்டிய ஒன்று. இயக்கம் நடுக்கமில்லாமல், நிற்காமல், ஒரே சீராக வரும் அளவுக்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவு. அதற்கு மேல் ஒரு கிராம்கூட வேண்டாம். சிலருக்கு அந்தச் சரியான அளவு என்பது விரல் தொட்டிருப்பது மட்டுமே. இன்னும் சிலருக்கு எதிர்ப்பே இல்லை, உதவிதான். உதவி செய்தால் பி.என்.எஃப். கெட்டுவிடும் என்று நினைக்க வேண்டாம்.

இரண்டாவது சந்தேகம் உங்கள் கால். கை எழுந்து தோள் உயரத்தைக் கடக்கும் இடத்தில்தான் தெரபிஸ்டின் எடை பின்னே மாறியிருக்க வேண்டும். மாறவில்லையென்றால் நீங்களே வழியை மறித்துக்கொண்டு நிற்கிறீர்கள். அடுத்த தடவை இயக்கம் நிற்கும் அதே கணத்தில் உங்கள் பாதத்தைக் குனிந்து பாருங்கள்.

மூன்றாவதாகத்தான் தசை. வீச்சின் நடுவில் உண்மையிலேயே வலு குறைவாக இருந்தால், கை தளரத் தொடங்கும் முன்பே, தசை இன்னும் சுருங்கியிருக்கும்போதே, எதிர்த் திசையில் ஒரு சின்ன உதறல் கொடுத்து "மறுபடியும் தூக்குங்க!" வீச்சுக்குள் கொடுக்கும் ரிபீட்டட் ஸ்ட்ரெட்ச் இதுதான். தசை முழுக்கத் தளர்ந்த பிறகு கொடுத்தால் பலனில்லை, வலிக்கவும் செய்யும். ஒரே வீச்சில் நாலைந்து தடவைக்கு மேல் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு உதறலுக்குப் பிறகும் கை முன்னேறியே ஆக வேண்டும்.

அப்படியும் நிற்கிறதென்றால் எதிர்ப் பேட்டர்னைக் கூப்பிடுங்கள். டைனமிக் ரிவர்சலில் கீழ் நோக்கி வலுவாக இழுக்கச் சொல்லி, முடிவில் தளரவிடாமல் உடனே மேல் நோக்கித் திருப்பினால், மேல் நோக்கும் தசைக்கு ஒரு கூடுதல் வேகம் கிடைக்கும். திருப்பத்தில் இரண்டு கையையும் ஒரே நேரத்தில் எடுத்து மாற்றினால் நோயாளி அந்தரத்தில் விடப்படுவார். நுனிக் கை, அதாவது அவர் கைநுனியில் இருக்கும் உங்கள் கை, முதலில் மாறட்டும், பிறகு மற்றது.

நேராகப் போகிறது, சுழல்வதே இல்லை

கை மேலே வருகிறது. ஆனால் உள்ளங்கை கடைசிவரை கீழே பார்த்தபடியே இருக்கிறது. தோளுக்குச் சொல்லிப் பயனில்லை, மணிக்கட்டைப் பாருங்கள். மணிக்கட்டு சரியான ஓரத்துக்கு நிமிர்ந்தால் முன்கை திரும்பும், அது திரும்பினால் தோள் திரும்பும். உங்கள் நுனிக் கை வழுக்குகிறதா, அல்லது முன்கையில் இருக்கும் கை இறுக்கிப் பிடித்துச் சுழற்சியைப் பூட்டிவிட்டதா என்று பாருங்கள். இரண்டாவதுதான் அடிக்கடி நடக்கிறது. காலுக்கும் இதே விதி: கால் உள்பக்கமாக மேலே எழும் டி1 ஃப்ளெக்‌ஷனில் பாதம் மேலே வந்து உள்பக்கம் திரும்பாமல் இடுப்பு வெளிச்சுழற்சி கிடைக்காது.

தோள் காதுக்கு ஏறுகிறது, உடம்பு சாய்கிறது

உடம்பு ஈடுகட்டுகிறது. எதிர்ப்பை உடனே குறையுங்கள். குறைத்தும் நிற்கவில்லையென்றால் தோள்பட்டை எலும்பில் தொடங்குங்கள். கையைக் கொஞ்ச நேரம் மறந்துவிடலாம். நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்து ஸ்காபுலாவின் நான்கு திசைகளையும் தனித்தனியாகச் சோதியுங்கள்: முன்னே மேலே, பின்னே கீழே, பின்னே மேலே, முன்னே கீழே. ஏதாவது ஒரு திசையில் அது ஒட்டிக்கொண்டிருக்கும்.

பக்கவாதம் வந்த தோளில் இது பாதுகாப்புப் பிரச்சினையும்கூட. கை முழுதாக மேலே போவதில் தோராயமாக மூன்றில் ஒரு பங்கை ஸ்காபுலா கொடுக்கிறது. அது சுழலாதபோது கையை மட்டும் பிடித்து மேலே இழுத்தால் தோள் மூட்டின் மென்திசுக்கள் எலும்புக்கிடையே நசுங்கும். ஸ்காபுலா அசையாதவரை கையைத் தோள் உயரத்துக்கு மேலே கொண்டுபோகாதீர்கள். மூட்டு கீழே இறங்கியிருக்கும் தோளில் இழுவிசை கொடுக்கவே வேண்டாம்; முழங்கையை ஊன்றவைத்து, மூட்டுக்குள் அழுத்தம் போகும்படி அப்ராக்ஸிமேஷன் கொடுப்பது நல்லது.

வலிக்கிறது என்கிறார்

எங்கே, எப்போது என்று கேளுங்கள். வீச்சின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் வலித்தால் அதற்குச் சற்று முன்னே நில்லுங்கள். ஹோல்ட்-ரிலாக்ஸ் வலிக்காகவே வைத்துக்கொள்ள வேண்டிய டெக்னிக். வலியில்லாத எல்லையில் கையை வசதியாகத் தாங்கி, "நான் அசைக்கப் பார்க்கிறேன், நீங்க விடாதீங்க" என்று சொல்லி, எதிர்ப்பை மிக மெதுவாக ஏற்றுங்கள். ஐந்து முதல் எட்டு நொடி. பிறகு இருவரும் சேர்ந்து மெதுவாகத் தளர வேண்டும். நீங்கள் சட்டென்று கையை எடுத்தால் மூட்டு துள்ளும், நம்பிக்கை போய்விடும், அடுத்த தடவை அவர் முழு மனதாகத் தளரமாட்டார்.

இங்கே "தள்ளுங்க" என்று சொல்லிவிடாதீர்கள். தள்ளச் சொன்னால் அசைவு வரும், அசைவு வந்தால் வலி வரும். வலிக்கும் தசையைத் தொடவே முடியவில்லையென்றால் அதன் எதிர்த் தசையில் ஹோல்ட் கொடுக்கலாம், அல்லது உடம்பின் தள்ளியுள்ள பகுதியில் வேலை செய்து இர்ரேடியேஷனை மட்டும் அங்கே அனுப்பலாம். புதிதாக அறுவைச் சிகிச்சை நடந்த முழங்காலுக்கு, மருத்துவர் அனுமதித்த பிறகு, மற்ற காலில் எதிர்ப்பு கொடுத்தாலே தொடைத் தசை விழித்துக்கொள்வதைப் பார்க்கலாம்.

இரவில் தூங்கவிடாத வலி, ஓய்விலும் குறையாத வலி, கை வீங்கி நிறம் மாறி எரிவது போன்ற வலி ஆகியவை டெக்னிக்கை மாற்றித் தீர்க்க வேண்டியவை அல்ல. மருத்துவர் பார்க்க வேண்டும்.

செய்யச் செய்ய இறுகுகிறது

விரலை விரிக்கச் சொல்கிறோம், முஷ்டி இன்னும் மூடுகிறது, முழங்கை மடங்குகிறது. எதிர்ப்புப் பயிற்சியே ஸ்பாஸ்டிசிட்டியை (நரம்புப் பாதிப்பால் வரும் தசை இறுக்கத்தை) ஏற்றிவிடும் என்ற பயம் ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. பக்கவாதத்துக்குப் பின் வலுப் பயிற்சி கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் அந்தப் பயத்தை உறுதிப்படுத்தவில்லை. ஆகவே எதிர்ப்பையே தூக்கிப்போட வேண்டாம். எப்படிக் கொடுக்கிறோம் என்பதை மாற்ற வேண்டும்.

ஸ்பாஸ்டிசிட்டி வேகத்தைச் சார்ந்தது. வேகமாக நீட்டினால் அதிகம் எதிர்க்கும். இங்கே விரைவான உதறல் கூடாது. கையைச் சரியாகத் தாங்கி, நீளவாக்கில் மெதுவாக உள்ளும் வெளியும் சுழற்றிக்கொண்டே நீட்டுங்கள். தளர்வதற்கு ஒரு நிமிடம் ஆனாலும் காத்திருங்கள். உங்கள் குரலையும் கவனியுங்கள். உரத்த, வெட்டும் குரலில் "விரிங்க! விரிங்க!" என்றால் முழு உடம்பும் இறுகும், தாழ்ந்த குரலில் நிதானமாகச் சொன்னால் அதே சொல்லுக்கு வேறு பலன் கிடைக்கும். படுத்த நிலையில் இறுகினால் ஒருக்களித்தோ உட்காரவைத்தோ பாருங்கள். நோயாளி மிகப் பெரிய முயற்சி எடுக்கிறாரா என்று முகத்தைப் பாருங்கள்: பல்லைக் கடித்திருந்தால் எதிர்ப்பு அதிகம்.

நேற்று நன்றாக இருந்தவர் இன்று திடீரென்று இறுகிப்போயிருந்தால் காரணம் கட்டிலுக்கு வெளியே இருக்கலாம். சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கிறதா, கதீட்டர் மடங்கியிருக்கிறதா, சிறுநீர்த் தொற்றா, மலச்சிக்கலா, படுக்கைப் புண்ணா, சதைக்குள் வளர்ந்த கால் நகமா என்று பாருங்கள். முதுகுத் தண்டு ஆறாவது மார்பு முள்ளெலும்பு (டி6) மட்டத்திலோ அதற்கு மேலோ காயப்பட்டவருக்குத் திடீர்த் தலைவலியும் முகச் சிவப்பும் வியர்வையும் ரத்த அழுத்த ஏற்றமும் வந்தால் அது அவசரநிலை: உடனே நிமிர்த்தி உட்காரவையுங்கள், இறுக்கும் உடைகளைத் தளர்த்துங்கள், சிறுநீர்ப்பையைப் பாருங்கள், மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

கான்ட்ராக்ட்-ரிலாக்ஸ் செய்தும் வீச்சு கூடவில்லை

எதிர்ப்புக்கு எதிராகத் தசையைச் சுருக்கவைத்து, தளரவிட்டு, பிறகு நீட்டுவதுதான் கான்ட்ராக்ட்-ரிலாக்ஸ். முதலில் தடை எதனால் என்று கையால் கேளுங்கள். எல்லையில் ரப்பர்போல் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் தசை. இந்த டெக்னிக் வேலை செய்யும். தோல் பட்டை இழுபட்டதுபோல் உறுதியாக நின்றால் மூட்டுறை, மூட்டை அசைத்துத் தளர்த்தும் மொபிலைசேஷன் வேண்டும். எலும்பில் இடித்ததுபோல் கெட்டியாக நின்றால், அதிலும் முழங்கையிலோ இடுப்பிலோ சூடும் வீக்கமும் இருந்தால், அழுத்துவதை நிறுத்துங்கள். தசைக்குள் எலும்பு வளர்கிறதா என்று படம் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கலாம்.

தசைதான் என்று உறுதியானால் நான் அடுத்துத் தேடுவது சுழற்சியை. ஹாம்ஸ்ட்ரிங்கை (தொடையின் பின்தசையை) நீட்ட எல்லோரும் காலை நேராக மேலே தூக்குகிறார்கள், "கீழே தள்ளுங்க" என்கிறார்கள். சாய்கோட்டில் தூக்கி, சுழற்சிக்கும் எதிர்ப்பு கொடுத்துப் பாருங்கள், அடுத்த தடவையே சில பாகை கூடும். சுருக்கத்தின்போது கொஞ்சம் அசைவு, முக்கியமாகச் சுழற்சி, வரட்டும். தசை உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று அப்போதுதான் தெரியும். இங்குதான் ஹோல்ட்-ரிலாக்ஸிலிருந்து இது வேறுபடுகிறது.

முழு பலத்தோடு தள்ளச் சொல்ல வேண்டியதும் இல்லை. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியின் வழிகாட்டுதல், அதிகபட்ச பலத்தில் 20 முதல் 75 சதவீதம் வரையிலான சுருக்கத்தை 3 முதல் 6 நொடி பிடித்து, பிறகு 10 முதல் 30 நொடி உதவியோடு நீட்டச் சொல்கிறது. முழு பலத்தில் தள்ளினால் கூடுதலாகக் கிடைப்பது பெரும்பாலும் தசைப்பிடிப்புதான்.

ஏன் வீச்சு கூடுகிறது என்பதற்கு நாம் படித்த விளக்கம், கோல்கி தசைநாண் உறுப்பு (தசைநாணில் இழுவிசையை உணரும் அமைப்பு) தூண்டப்பட்டுத் தசை தானாகத் தளர்கிறது என்பது. மின் அளவீட்டில் பார்த்தபோது சுருக்கத்துக்குப் பிறகு தசையின் செயல்பாடு அப்படி அடங்கிவிடவில்லை. நீட்சியைத் தாங்கும் உணர்வெல்லை உயர்வதுதான் பெரிய காரணம் என்று இன்று கருதுகிறார்கள். இது பாடப் புத்தகச் சண்டைபோலத் தெரியலாம். செய்முறையில் இதற்கு நேரடி விளைவு உண்டு. தாங்கும் உணர்வு மட்டும் மாறியிருந்தால், கிடைத்த வீச்சைப் பயன்படுத்தாவிட்டால் அது தங்காது. ஆகவே புதிய எல்லையில் நோயாளியே தன் தசையால் இயக்கியே தீர வேண்டும்: அந்த இடத்தில் பேட்டர்னைச் சில தடவை எதிர்ப்போடு செய்ய வேண்டும். இந்தக் கடைசிப் படியை விட்டுவிட்டு, மறுநாள் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது என்று வருந்துபவர்கள் அதிகம். விளையாட்டு வீரர்களுக்கு ஓட்டத்துக்கோ தாவலுக்கோ சற்று முன்னால் நீண்ட நேரம் இதைச் செய்ய வேண்டாம், வெடிப்பு பலம் தற்காலிகமாகக் குறையலாம்.

உட்கார்ந்தால் ஆடுகிறார், நிலையாக இருக்க முடியவில்லை

இரண்டு டெக்னிக்குகளைக் குழப்பிக்கொள்வதால் வரும் தோல்வி இது. ஸ்டெபிலைசிங் ரிவர்சலில் நோயாளி தள்ள முயல்கிறார், நீங்கள் அசையவிடாமல் நிறுத்துகிறீர்கள்: "என் கையைத் தள்ளுங்க... இப்போ இந்தப் பக்கம் தள்ளுங்க." ரிதமிக் ஸ்டெபிலைசேஷனில் அவர் தள்ளவே நினைக்கக் கூடாது: "அப்படியே இருங்க, நான் அசைக்க விடாதீங்க." பின்னதில் ஒரு கை முன்னிருந்தும் ஒரு கை பின்னிருந்தும் சேர்ந்து உடம்பைச் சுழற்றப் பார்க்கும், திசை மாறும்போது தளர்வு கிடையாது.

சிறுமூளை பாதித்து ஆட்டம் உள்ளவர்களுக்கு ரிதமிக் ஸ்டெபிலைசேஷன் பெரும்பாலும் கடினம். அசையாமல் பிடிப்பதே அவர்களுக்கு வராத வேலை. பெரிய அசைவிலிருந்து தொடங்கி, டைனமிக் ரிவர்சலின் வீச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, ஸ்டெபிலைசிங் ரிவர்சலில் கொண்டுவந்து நிறுத்துங்கள். தோள்களின் மேலிருந்து அல்லது இடுப்பெலும்பின் மேலிருந்து நேராகக் கீழே அழுத்தம் கொடுத்தால் முதுகு நிமிர்வதை உடனே பார்க்கலாம். வளைந்த முதுகில் அழுத்தாதீர்கள், வளைவுதான் கூடும். முதலில் இடுப்பை நிமிர்த்துங்கள்.

எழுந்துவிடுகிறார், ஆனால் உட்காரும்போது தொப்பென்று விழுகிறார்

தசை சுருங்கிக்கொண்டு தூக்கக் கற்றிருக்கிறது, நீண்டுகொண்டே தாங்கக் கற்கவில்லை. காம்பினேஷன் ஆஃப் ஐசோடானிக்ஸ் போதும். இடுப்பெலும்பின் முன்பக்கம் கைவைத்து எழும்போது எதிர்ப்பு, நடுவில் "நில்லுங்க", பிறகு எதிர்ப்பை எடுக்காமலேயே "நான் உட்காரவைக்கிறேன், நீங்க மெதுவா விடுங்க." முதலில் உயரமான இருக்கையில், கடைசிச் சில அங்குலங்களில் மட்டும் செய்யுங்கள். நடுவில் எங்கேயும் தசை தளரக் கூடாது.

நடக்கும்போது இடுப்பைத் தூக்கிக் காலை வீசுகிறார்

பாதம் தொங்குகிறது என்று பாதத்திலேயே வேலை செய்துகொண்டிருப்போம். இடுப்பெலும்பையும் பாருங்கள். நோயாளி இடப் பக்கம் ஒருக்களித்துப் படுத்திருக்கும்போது கடிகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: தலை 12, கால் 6, முன்பக்கம் 3. வலது இடுப்பு ஒரு மணி நோக்கிப் போவது ஆண்டீரியர் எலிவேஷன், காலை முன்னே கொண்டுவரும் கட்டத்துக்கு உரியது. ஏழு மணி நோக்கிப் போவது போஸ்டீரியர் டிப்ரெஷன், கால் தரையில் நின்று தாங்கும் கட்டத்துக்கு உரியது. காலை வீசுபவரின் இடுப்பு பெரும்பாலும் பதினொரு மணி நோக்கி, பின்னே மேலே ஏறும். அதைக் கண்டுபிடித்த பிறகு ஒரு மணிக்கான இயக்கத்தை ரிதமிக் இனிஷியேஷனில் தொடங்கி, பிறகு எதிர்ப்போடு செய்து, உடனே எழுப்பி நிற்கவைத்து, இடுப்பில் அதே இடத்தில் கைவைத்து அடி எடுக்கச் சொல்லுங்கள்.

கட்டிலில் அழகாக வந்து நடையில் வராதவர்களுக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. கட்டிலுக்கும் நடைக்கும் நடுவே இடைவெளி விடாதீர்கள். ஒருக்களித்ததில் கிடைத்ததை அந்த அமர்விலேயே உட்கார்ந்து, நின்று, நடந்து செய்து பார்க்க வேண்டும். கையில் கிடைத்த டி1 ஃப்ளெக்‌ஷனையும் அப்படியே விட்டுவிடாமல், அவர் கையாலேயே வாய்வரை ஒரு டம்ளரைக் கொண்டுபோகச் செய்யுங்கள்.

மூச்சை அடக்குகிறார், சீக்கிரம் களைக்கிறார்

பிடிக்கும் பயிற்சிகளில் மூச்சை அடக்கினால் ரத்த அழுத்தம் ஏறும். இதய நோய் உள்ளவருக்கு இது விளையாட்டில்லை. எண்ணச் சொல்லுங்கள், பேசச் சொல்லுங்கள். பேச முடியாத அளவுக்கு எதிர்ப்பு கொடுக்காதீர்கள். மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் உள்ளவர்கள் சூடான அறையில் இன்னும் சீக்கிரம் தளர்வார்கள். குளிர்ந்த நேரத்தில் குறுகிய அமர்வுகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு பேட்டர்ன் களைத்தால் எதிர்ப் பேட்டர்னுக்கு மாறுங்கள், அதுவும் களைத்தால் நிறுத்துங்கள். அடுத்த அமர்வுக்கு வரும்போது கை இன்னும் வலித்துக்கொண்டிருந்தால் அன்றைக்கு எதிர்ப்பைப் பாதியாக்கித் தொடங்குங்கள்.